நோட்டீஸும் ஒரு வாக்குறுதிதான்

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பூவின் வாசனை தெருமுனை வரைக்கும்தான் வரும். பல்லாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அடுத்த விடுமுறையில் அப்பா அம்மாவைத் திருப்பதிக்கு அழைத்துப் போகத் திட்டமிடும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வாசனை எட்டாது. நமக்கு எட்டுவது இரண்டுதான்: ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்த நோட்டீஸ், அல்லது இணையத்தில் தேடிப் பிடித்த ஒரு பக்கம். இவை இரண்டும் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றிச் சில கருத்துகளைச் சங்க உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம்மில் சிலர் இங்கே சிறு தொழில் நடத்துகிறோம். மற்ற எல்லோரும் வாடிக்கையாளர்கள். ஆகவே இது யாருக்கும் அந்நியமான விஷயம் அல்ல.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் என்பது அலங்காரம் அல்ல, வாக்குறுதி. அதைப் படிக்கிறவர் அதை நம்பித்தான் பணம் கட்டுகிறார், பயணம் கிளம்புகிறார். காப்பாற்ற முடிந்ததை மட்டும், வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில், விவரம் குறையாமல் எழுதுவதுதான் நல்ல விளம்பரம்.

எனக்கு உறவினர்கள் இருக்கும் ஊர் சந்திரகிரி. திருப்பதிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கோட்டையும் ராஜ மஹாலும் கொண்ட ஊர். விஜயநகர அரசின் கடைசிக் காலத்துத் தலைநகரங்களுள் ஒன்று. அந்த அரசின் கீழ் கடற்கரைப் பகுதியை நிர்வகித்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவருக்கு 1639-இல் எழுதிக் கொடுத்த சாசனத்திலிருந்துதான் சென்னைப் பட்டணத்தின் கதை தொடங்குகிறது. ஒரு வகையில் அதுவும் வியாபாரத்தை வரவழைக்க எழுதிய தாள்தான். கோட்டை கட்டிக்கொள்ளலாம், கம்பெனிச் சரக்குக்குச் சுங்கம் கிடையாது, நாணயம் அடிக்கலாம், துறைமுக வருமானத்தில் பங்கு உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தது. ஆனால் கோட்டை கட்டும் செலவு யாருடையது என்ற ஒரு விஷயத்தை மட்டும் இரு தரப்பினரும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள். நாயக்கர் கட்டித் தருவார் என்று நம்பி 1640-இல் வந்து இறங்கிய கம்பெனியார், தங்கள் கைப்பணத்தைப் போட்டு வேலையைத் தொடங்க வேண்டியதாயிற்று. எழுதியதில் ஒரு வரி தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

இனி இன்றைய சந்திரகிரிக்கு வருவோம். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. திருப்பதியும் சந்திரகிரியும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லை பிரிந்ததே தவிர வியாபாரம் பிரியவில்லை. மலைக்கு வரும் பக்தர்களில் தமிழர் எத்தனை பேர் என்பது அங்கே கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே தமிழிலும் நோட்டீஸ் அடிக்கிறார்கள். சென்ற முறை போனபோது கையில் திணிக்கப்பட்ட தாள்களை எல்லாம் எறியாமல் பத்திரப்படுத்திக் கொண்டுவந்தேன். ஒரு தங்கும் விடுதியின் வழவழப்பான தாளில் “இலவச பூங்கா வசதி” என்று அச்சாகியிருந்தது. பூங்காவும் இல்லை, பூவும் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்துக்கான ஆங்கிலச் சொல்லை ஏதோ ஒரு கணினி அப்படி மொழிபெயர்த்திருக்கிறது! இன்னொரு தாளில் நான்கு நிறத்தில் கார் படம். “குறைந்த கட்டணம், நிறைந்த சேவை” என்று கொட்டை எழுத்து. கட்டணம் எவ்வளவு என்று மட்டும் எங்கும் இல்லை. மூன்றாவது, ஒரு சின்ன மெஸ்ஸின் நோட்டீஸ். மட்டமான காகிதம், ஒரே நிறம். ஆனால் ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், சாப்பாடு என்ன விலை, எந்தக் கிழமை விடுமுறை, எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று எல்லாம் இருந்தன. என் அத்தை மூன்று தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மூன்றாவதைத்தான் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அச்சடித்த தாளுக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. இந்தியாவில் 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் தாளில் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும். 2024-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் வரை அந்த விதி நீடித்தது. தேர்தல் துண்டுப் பிரசுரங்களுக்கு இன்றும் அப்படி ஒரு கட்டாயம் உண்டு. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பாக யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இணையப் பக்கத்துக்கு அப்படி ஒரு அடிவரி கிடையாது. விளைவு என்ன? திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரிலேயே போலி இணையதளங்கள் முளைத்தன. தேவஸ்தானம் காவல்துறையில் புகார் கொடுப்பதும், ஒன்று மூடப்பட்டால் வேறொன்று கிளம்புவதுமாகக் கதை நீண்டது. 300 ரூபாய் தரிசனச் சீட்டுக்காகப் போலிப் பக்கத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, ஊருக்குப் போய் வாசலில் நிற்கிறவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து போகும் குடும்பங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நேரில் விசாரிக்க நமக்கு வழி இல்லை, விடுமுறையோ குறைவு. ஆகவே ஓர் இணையப் பக்கத்தில் நடத்துகிறவரின் பெயர், முழு விலாசம், எடுத்துப் பேசும் தொலைபேசி எண் மூன்றும் இல்லையென்றால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

பொய்யான பக்கம் ஒரு ஆபத்து என்றால், பழைய பக்கம் இன்னொரு ஆபத்து. சந்திரகிரிக்கு அருகே சீனிவாச மங்காபுரத்திலிருந்து மலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையைப் பலர் அறிவீர்கள். சுமார் 2,400 படிகள். 2021 நவம்பர் மழையில் அந்தப் பாதை சேதமாகி மூடப்பட்டது. பழுது பார்த்து 2022 மே மாதம்தான் திறந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் “எங்கள் விடுதியிலிருந்து படிப்பாதை பக்கம்” என்று இணையத்தில் படித்து நம்பிப் போனவருக்கு என்ன கிடைத்திருக்கும்? அதே 2022 ஏப்ரலில் சந்திரகிரி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. 2024 ஜனவரியில் தேவஸ்தானத்தின் இணைய முகவரியே மாறியது. பழைய நோட்டீஸ் கிழிந்து குப்பைக்குப் போய்விடும். பழைய இணையப் பக்கமோ புதியது போலவே பளபளக்கும். பக்கத்தின் தலைப்பிலேயே “இந்த விவரங்கள் இன்ன தேதியில் சரிபார்க்கப்பட்டவை” என்று ஒரு வரி போடுவதற்கு என்ன செலவாகிவிடும்?

சரி, எதுவுமே எழுதாமல் இருந்துவிட்டால்? நாம் எழுதாவிட்டால் நம்மைப் பற்றி மற்றவர் எழுதுவார்கள். பழைய சித்தூர் மாவட்டத்துப் புத்தூர் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர் போன ஊர். விளம்பரம் இல்லாமல் வாய்மொழியாகவே பரவிய புகழ். இன்று “புத்தூர் கட்டு” என்ற போர்டு தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் தொங்குகிறது! அவற்றில் யார் அந்த வழியில் பயின்றவர், யார் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவர் என்று வழிப்போக்கர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

காளஹஸ்தி கலம்காரியின் கதையும் இதுதான். சந்திரகிரி வழியாக ஓடும் அதே சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்து, மூங்கில் குச்சிப் பேனாவால் கையாலேயே வரைகிறார்கள். கறுப்பு நிறம், இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. படிகாரம் பூசிய இடத்தில்தான் சிவப்புப் பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் அலசிக் காயவைக்க வேண்டும். ஒரு புடவைக்கு எத்தனை நாள் வேலை என்பதைப் புரிந்துகொண்டால் விலை அதிகம் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் இதையெல்லாம் அந்தக் கலைஞர் எழுதி வைப்பதில்லை. இயந்திரத்தில் அச்சடித்த துணியை விற்கிறவரோ அழகான இணையப் பக்கம் வைத்து, அதையும் “கலம்காரி” என்கிறார். இங்கே தோற்பது சரக்கு அல்ல, எழுத்து. செய்முறையை நான்கு வரியில் சொல்லி, கைவேலையையும் அச்சு வேலையையும் எப்படிப் பிரித்தறிவது என்று படத்தோடு காட்டும் ஒரே ஒரு தாள் அந்தக் குடும்பத்தின் வருமானத்தைக் காப்பாற்றும்.

விளம்பரம் எதையாவது கையில் கொடுக்க வேண்டும் என்பதைப் புலம்பெயர்ந்த ஒரு தெலுங்கர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாக விநியோகித்தார். வாங்கச் சொல்லும் முன் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். நோட்டீஸும் அப்படி இருக்கலாமே! பஸ் நேரம், படிகளின் எண்ணிக்கை, சாமான் வைக்கும் இடம் என்று பயனுள்ள செய்தி இரண்டு இருந்தால் தாள் குப்பைக்குப் போகாது.

“இந்தக் காலத்தில் தாளை யார் படிக்கிறார்கள், வாட்ஸ்அப் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. தாள் கூப்பிடும், இணையப் பக்கம் பதில் சொல்லும். இரண்டின் வேலையும் வேறு. அம்மாவின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் தாள் மாதக்கணக்கில் கண்ணில் படும். அதன் மூலையில் ஒரு க்யூஆர் கோடு இருந்தால் பேரன் அதைத் திறந்து முழு விவரம் படிப்பான். ஆனால் தாளில் ஒரு விலை, பக்கத்தில் ஒரு விலை என்று இருந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இங்கே டிபன், தையல், பாட்டு வகுப்பு, வரிக்கணக்கு என்று தொழில் நடத்தும் நம் உறுப்பினர்களுக்கும் இதையே சொல்கிறேன். விலையை எழுதுங்கள். செய்ய முடியாததை எழுதாதீர்கள். இரவல் படம் வேண்டாம், உங்கள் சமையலறைப் படமே போதும். தமிழைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள், அப்போதுதான் தேடுகிறவருக்குக் கிடைக்கும். அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கணினி நம் வீடுகளில் உண்டு, இரண்டு மொழி தெரிந்த பிள்ளைகளும் உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்களுக்குத் தெரிந்த ஒரு நெசவாளருக்கோ, சிற்பிக்கோ, சின்ன மெஸ்காரருக்கோ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் சொல்வதைக் கேட்டு, அவர் பெயரைப் போட்டு, அவருக்கே படித்துக் காட்டி எழுதுங்கள். நன்கொடை கொடுப்பதைவிட அது அவருக்கு நீண்ட நாள் பயன்படும். அந்தப் பக்கத்தைப் படித்து நம்பிப் போகும் இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்கும் அது நல்ல வழி காட்டும்.