எமது வீட்டு உரையாடலுக்கு எந்த நிறம்?

புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்களில் இரவு உணவிற்குப் பின்னர் நிகழ்வது என்னவென்பதை நாம் அனைவரும் அறிவோம். வரவேற்பறையில் பெற்றோர் சென்னையிலிருந்து வரும் நெடுந்தொடரில் மூழ்கியிருப்பர். மேல்மாடியில், மூடிய கதவுக்குப் பின்னால், பிள்ளை தன் மடிக்கணினியில் இணையத் தொடர் ஒன்றில் மூழ்கியிருக்கும். 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' ஆகியவை ஒளிபரப்பான காலத்தில் வீட்டில் இருந்த ஒரேயொரு தொலைக்காட்சிப் பெட்டிக்காகச் சண்டையாவது நடந்தது. இன்று அந்தச் சண்டையும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு திரைகள், இரண்டு உலகங்கள்.

கடந்த குளிர்காலத்தில் பதினேழு வயதான என் மகளோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். வாரத்தில் ஓர் இரவு இருவரும் ஒன்றாக அமர்ந்து ஒரே தொடரைப் பார்ப்பது. பார்த்து முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவது. அவ்வாறு நாம் பார்த்த மூன்று தொடர்களைப் பற்றிய என் கருத்துகளை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலாவது, மகள் தெரிவுசெய்த 'நெவர் ஹாவ் ஐ எவர்'. 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்களாக நெட்பிளிக்ஸில் வெளிவந்தது. தந்தையை இழந்து தவிக்கும் தேவி என்னும் பதின்வயதுப் பெண்ணின் கதை. தேவியாக நடித்த மைத்ரேயி இராமகிருஷ்ணன், ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர். பொது அழைப்புக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து தெரிவானவர். மேற்கத்தைய தொடர்களில் எம்மைப் போன்றோர் கடைக்காரராகவோ மருத்துவராகவோ ஓரமாக வந்துபோவதே வழக்கமாக இருந்த நிலையில், ஒரு தமிழ்ப் பெண் கதையின் நடுவே நின்று கோபிக்கவும் தவறிழைக்கவும் அழவும் இடம் கிடைத்தது பெரிய காரியமே. தாய் நளினிக்கும் தேவிக்கும் இடையிலான மோதல்களைப் பார்த்தபோது, இவர்கள் எங்கள் வீட்டுச் சுவருக்குள் ஒளிந்திருந்து எழுதினார்களோ என்று தோன்றியது.

ஆயினும் ஒரு குறை. அக்குடும்பம் தமிழ்க் குடும்பம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அங்கே தமிழ் ஒலிப்பதோ மிக அரிது. பூசை உண்டு, சேலை உண்டு, உணவு உண்டு. மொழி மட்டும் இல்லை. இதை நான் குறையாகச் சொன்னபோது மகள் சிரித்தாள். "எங்கட வீட்டில மட்டும் என்னவாம்?" என்று கேட்டாள். அதையும் அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள், தமிழாக்கம் என்னுடையது.

இரண்டாவது, 'த பேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவம். 2021 மே மாதம் அதன் முன்னோட்டம் வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பு பலருக்கும் நினைவிருக்கும். தொடரைத் தடைசெய்யுமாறு தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் இந்திய நடுவண் அமைச்சருக்கு மடல் எழுதினார். எனினும் அமேசான் தளத்தில் அது யூன் 4 அன்று வெளியானது. சமந்தா ஏற்ற ராஜி என்னும் ஈழத்துப் பெண் பாத்திரமே சர்ச்சையின் மையம்.

இத்தொடரில் தமிழ் தாராளமாகவே ஒலிக்கிறது. ராஜிக்கு நேர்ந்த கொடுமைகளும் சொல்லப்படுகின்றன; சமந்தாவின் நடிப்பிலும் குறைகாண இயலாது. ஆனால் நாயகனாகிய உளவுத்துறை அதிகாரிக்கு மனைவி, பிள்ளைகள், வீட்டுக் கடன், நகைச்சுவை என்று ஒரு முழு வாழ்வு கொடுக்கப்படுகிறது. ராஜிக்குக் கொடுக்கப்பட்டவையோ காயமும் ஆயுதமும் மட்டுமே. அவள் எதைப் படிக்க விரும்பினாள், எவரோடு சிரித்தாள், எந்தக் கிணற்றடியில் விளையாடினாள் என்பவை எவையும் இல்லை. பொய் சொன்னார்கள் என்பதைவிட, பாதியைச் சொல்லி அதுவே முழுமை என்று எண்ணவைத்தார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

இதற்குத் தடை தீர்வாகுமா? ஆகாது என்றே கருதுகின்றேன். நாம் தடுத்தாலும் பிள்ளைகள் கதவை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். அன்றிரவு தொடர் முடிந்ததும் மகள் என்னிடம், "இதில எவ்வளவு உண்மை அப்பா?" என்று கேட்டாள். பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக அவள் கேட்ட கேள்வி அது. எனக்கோ உடனே பதில் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், காலையில் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அந்தத் தொடரை எடுத்தவர்கள் மீது எனக்கிருந்த கோபம் அன்றிரவு என் மீதே திரும்பியது. நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் அல்லவா அவர்கள் தம் கதையை நட்டுவைத்தார்கள்?

மூன்றாவது தொடருக்கும் தமிழருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் எம்மை அதிகம் பேசவைத்தது அதுவே. 'பச்சிங்கோ' என்னும் அத்தொடர், மின் ஜின் லீ 2017இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. ஆப்பிள் தளத்தில் முதற்பருவம் 2022இலும் இரண்டாம் பருவம் 2024இலும் வெளிவந்தன. கொரியா யப்பானின் ஆட்சியில் இருந்த 1910–1945 காலத்தில், வறுமையாலும் வற்புறுத்தலாலும் இலட்சக்கணக்கான கொரியர் யப்பானுக்குச் சென்றனர். போர் முடிந்தபின் பெரும்பாலோர் திரும்பிவிட, ஏறத்தாழ 600,000 பேர் அங்கேயே தங்கினர். அவ்வாறு ஒசாகாவில் வேரூன்றிய சுஞ்சா என்னும் பெண்ணின் குடும்பத்தை நான்கு தலைமுறைகள் ஊடாக இத்தொடர் சொல்கிறது.

தாய்நாட்டை விட்டுப் புறப்படும் மகளுக்கு ஒரு வேளை வெள்ளைச் சோறு ஆக்கிக் கொடுப்பதற்காக, அரிசிக் கடைக்காரரிடம் தாய் மன்றாடுகிறாள். கொரிய வயலில் விளைந்த வெள்ளை அரிசி கொரியருக்கு எட்டாதிருந்த காலம் அது. பல பத்தாண்டுகள் கழித்து, 1989இல், தோக்கியோவில் ஒரு கொரிய மூதாட்டியின் வீட்டில் அந்தச் சோற்றை மீண்டும் உண்ணும் சுஞ்சா, நாவிலேயே ஊரை அடையாளம் கண்டு கண்ணீர் வடிக்கிறாள். அருகிலிருக்கும் பேரனோ அதை வெறும் சோறாகவே உண்கிறான். இந்தக் காட்சிக்கு விளக்கம் எதுவும் எமக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று. இத்தொடரின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு வரிகளில் கொரிய மொழிக்கு மஞ்சள் நிறமும் யப்பானிய மொழிக்கு நீல நிறமும் இடப்பட்டுள்ளன. பாட்டி மஞ்சளில் பேசப் பேரன் நீலத்தில் மறுமொழி சொல்கிறான். சிலவேளை ஒரே வசனத்திலேயே நிறம் மாறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், "எங்கட வீட்டில அம்மம்மாவுக்கு ஒரு நிறம், எனக்கு ஒரு நிறம். உங்களுக்கு மட்டும்தான் ரெண்டும்" என்றாள். இரண்டு நிறங்களையும் அறிந்தவர்கள் நடுவில் நிற்கும் எமது தலைமுறை மட்டுமே என்பதை எந்தக் கருத்தரங்கும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

காலம் முன்னும் பின்னும் தாவுவதால் தொடக்கத்தில் சற்றுப் பொறுமை வேண்டும். வன்முறைக் காட்சிகளும் உள்ளமையால் இளஞ்சிறார்க்கு ஏற்றதன்று. வளர்ந்த பிள்ளைகளோடு அவசியம் பாருங்கள். குறிப்பாக முதற்பருவத்தின் முடிவைத் தவறவிடாதீர்கள். அங்கே நடிகர்கள் விலகிக்கொள்ள, உண்மையாகவே யப்பானுக்குப் புலம்பெயர்ந்து வாழ்ந்த கொரிய மூதாட்டிகள் தம் வாழ்வைத் தாமே கூறுகின்றனர்.

அன்பான பெற்றோரே, எமது கதையை உலகத் தரத்தில் யாராவது எடுக்கவேண்டும் என்று மேடைகளில் ஏங்குகின்றோம். எடுக்கட்டும், அதுவரை பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒரு தொடரையாவது பாருங்கள். கேள்வி வரும்போது என்னைப் போல் எழுந்து போகாதீர்கள். இளையோரே, அடுத்த பருவம் வரும்வரை காத்திருக்கும் வேளையில், கைத்தொலைபேசியை அம்மம்மாவின் பக்கம் திருப்பி, அவரைப் பேசவிட்டுப் பதிவுசெய்யுங்கள். முழுவதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. மொழிபெயர்க்க நாங்கள் இன்னும் இருக்கின்றோம்.

சென்ற ஞாயிறன்று என் மகள் அதைத் தொடங்கிவிட்டாள். விட்ட பதிலை நானும் சொல்லத் தொடங்கியிருக்கின்றேன்.