பல்லைக் கடித்துப் பொறுக்கத்தான் வேண்டுமா?

நான் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல. ஆனாலும் தீப்புண் பற்றி நம் குடும்பங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என் மனைவியின் முன்கையில் கொதிக்கிற ரசம் கொட்டிவிட்டது. ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்றினார்கள். காய்ந்து ஒட்டிப்போன காஸ் துணியை ஒரே இழுப்பாக இழுப்பார்கள். ரத்தம் கசியும், அவள் அலறுவாள். பக்கத்தில் நின்ற நான், "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ" என்பேன். கட்டு மாற்றுவதற்கு முந்தின இரவே அவளுக்குத் தூக்கம் போய்விடும். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் கேஸ்கெட் ஒட்டிக்கொண்டால், சுரண்டும்போது இரும்பிலும் கீறல் விழும். அதனால் மாட்டும்போதே சிறிது கிரீஸ் தடவுவோம். இரும்புக்குக் காட்டிய கரிசனத்தை மனைவியின் கைக்குக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை. புண்ணில் ஊறும் நீர் காஸ் துணியின் கண்ணிகளில் புகுந்து காய்கிறது. புதிதாக வளரும் மெல்லிய தோலும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. பிய்த்தால் அந்தத் தோலும் போகும். வலிப்பதோடு நிற்காது, புண் ஆறுவதும் தள்ளிப்போகும்.

இதற்கு வழி கண்டவர்கள் நம் மும்பையிலேயே இருந்திருக்கிறார்கள். பரேல் வாடியா குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் கேஸ்வானியும் அவரது குழுவினரும், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் தீப்புண்ணுக்குக் கட்டாகப் பயன்படுத்தி 1985-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு, தாராவிக்கு அடுத்திருக்கும் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதுரி கோரே வாழை இலையைக் கையில் எடுத்தார். இலையைத் துணியில் ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கிக் கட்டாக்கினார். இலையின் வழுவழுப்பு புண்ணில் ஒட்டாது. 2003-ல் வெளியான ஆய்வுகளில், வாஸ்லின் காஸைவிட இந்தக் கட்டை எடுக்கும்போது வலி மிகக் குறைவு என்று கண்டார்கள். உருளைத்தோலைப் போலவே ஒட்டாது. செய்வது அதைவிடச் சுலபம், செலவும் குறைவு.

தீப்பட்டவரை வாழை இலையில் கிடத்துவது நம் ஊர்ப் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். அதற்காக மார்க்கெட்டில் வாங்கிய இலையை யாரும் வீட்டில் புண்மேல் வைத்துவிடாதீர்கள். கிருமி நீக்காத இலை ஆபத்து. தீப்பட்டவுடன் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். பிறகு டாக்டரிடம் போங்கள். பெரிய காயத்துக்கு வலி மருந்து அவசியம். அதை மறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

இலைக் கட்டு எல்லா இடத்திலும் கிடைக்காது. கரிசனம் கிடைக்கலாம் அல்லவா? என் மனைவிக்குப் பின்னால் வேறொரு இடத்தில் கட்டு மாற்றிய வயதான நர்ஸ் அம்மா, காஸ் துணியை உப்புநீரில் நன்றாக ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெள்ள எடுத்தார். நடுவில், "ஊரில் எந்தத் தெரு?" என்று பேச்சுக் கொடுத்தார். மனைவி பதில் சொல்லி முடிப்பதற்குள் கட்டு கழன்றுவிட்டது. இப்படிக் கவனத்தைத் திருப்புவதும் வைத்தியம்தான். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், தீப்பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனி உலகம் ஒன்றைக் கம்ப்யூட்டர் வழியே கண்முன் காட்டி வலியைக் குறைத்திருக்கிறார்கள்.

ஆகவே அன்பர்களே, கட்டு மாற்றும்போது மூன்றைக் கேளுங்கள்: நனைத்து எடுப்பீர்களா? ஒட்டாத கட்டு உண்டா? நோயாளி கை தூக்கினால் ஒரு நிமிடம் நிறுத்துவீர்களா? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நம் சங்கத்தின் அடுத்த மருத்துவ முகாமில் அனுபவமுள்ள ஒரு நர்ஸை அழைத்து இதைச் செய்து காட்டச் சொல்லலாம். தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நம் தாய்மார்களுக்கு அது பயன்படும்.

பொறுத்துக்கொள் என்று சொல்வது சுலபம். பொறுப்பவர் நாமல்லவே.