சிறுகோள் மண்ணுக்காகப் பாலைவனத்தில் ஒரு ‘க்ளீன் ரூம்’: எதற்கு இத்தனை ஏற்பாடு?

2023 செப்டம்பர் 24. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பாராசூட்டில் வந்து இறங்கியது ஒரு கேப்ஸ்யூல். பென்னு என்ற சிறுகோளில் இருந்து நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அள்ளி வந்த மண்ணும் கற்களும் அதற்குள் இருந்தன. ஏழு ஆண்டுப் பயணத்தின் பலன், மொத்தம் 121.6 கிராம்.

ஹெலிகாப்டர் அதை முதலில் கொண்டுபோனது ஹூஸ்டனில் உள்ள ஆய்வகத்துக்கு அல்ல. பக்கத்து ராணுவத் தளத்தில் தற்காலிகமாக அமைத்திருந்த ஒரு ‘க்ளீன் ரூமு’க்கு.

யாரைக் காப்பாற்ற இந்த அறை?

விண்வெளிக் கிருமி நம்மைத் தாக்கிவிடுமோ என்ற பயம் இல்லை. பென்னு மண்ணால் நமக்கு ஆபத்தில்லை என்பது முன்பே முடிவான விஷயம். நம்மால் அந்த மண்ணுக்குத்தான் ஆபத்து!

சூரியக் குடும்பம் உருவான காலத்துப் பொருள் அது. சுமார் 450 கோடி ஆண்டுப் பழசு. நம் காற்றும் ஈரமும் பட்டால் அதன் வேதியியல் மாறத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு நம் மூச்சு, வியர்வை, உதிரும் தோல் எல்லாவற்றிலும் உயிர்ப்பொருட்கள் இருக்கின்றன.

உயிர்கள் புரதம் உருவாக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 பென்னு மண்ணில் இருப்பதாக 2025 ஜனவரியில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ‘அது எடுத்தவர் கையில் ஒட்டியிருந்ததா?’ என்று யாராவது கேட்டால், இல்லை என்று நிரூபிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் ஏழு வருட உழைப்பும் வீண்.

இது வெறும் கற்பனை பயமும் இல்லை. ஜப்பானின் ஹயபுசா2 கொண்டுவந்த ரியுகு சிறுகோள் துகள் ஒன்றில், பூமியின் நுண்ணுயிரிகள் குடியேறி வளர்ந்திருந்ததை 2024-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அறை ஏன் பாலைவனத்துக்குப் போகிறது?

கேப்ஸ்யூலை நகரத்துக்கு நடுவில் இறக்க முடியாது. ஆளில்லாத வெட்டவெளி வேண்டும். அங்கே நல்ல ஆய்வகம் இருக்காது. அதனால் அறையே அங்கு போகிறது. 2020 டிசம்பரில் ஹயபுசா2 கேப்ஸ்யூல் ஆஸ்திரேலியாவின் வூமெராவில் இறங்கியபோதும் இதே கதைதான். உள்ளே இருந்த வாயுவை அங்கேயே எடுத்துச் சோதித்துவிட்டுத்தான் ஜப்பானுக்கு அனுப்பினார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

ஏசி கடையின் கதவைத் திறந்தால் குளிர்காற்று வெளியே வீசும் இல்லையா? க்ளீன் ரூமிலும் அப்படித்தான். வடிகட்டிய காற்றை உள்ளே தொடர்ந்து செலுத்தி அழுத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். இடுக்கு இருந்தாலும் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடை அணிய வேண்டும்.

அடுத்தது நைட்ரஜன். சிப்ஸ் நமுத்துப்போகாமல் இருக்க பாக்கெட்டில் நிரப்புவார்களே, அதே வாயு. மாதிரி இருக்கும் பெட்டிக்குள் அதைத் தொடர்ந்து செலுத்தினால் காற்றும் ஈரமும் உள்ளே நுழையாது. இந்த ஏற்பாட்டோடுதான் மறுநாள் பென்னு மாதிரி விமானத்தில் ஹூஸ்டன் போனது. இறங்கிய இடத்து மண்ணையும் காற்றையும்கூட தனியாகச் சேகரித்தார்கள். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

எல்லாம் சொதப்பினால்?

2004 செப்டம்பர் 8 அன்று அதுதான் நடந்தது. சூரியக் காற்றின் துகள்களோடு திரும்பிய நாசாவின் ஜெனிசிஸ் கேப்ஸ்யூலில், சென்சார்களைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். பாராசூட் விரியவில்லை. மணிக்கு சுமார் 310 கி.மீ. வேகத்தில் அதே யூட்டா மண்ணில் மோதியது. துகள்களைச் சேகரித்த தகடுகள் 10,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாயின.

நல்லவேளையாக, க்ளீன் ரூம் பக்கத்திலேயே தயாராக இருந்தது. துண்டுகளை அங்கே பிரித்து, பதிவுசெய்து, பிறகு ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். சூரியனின் ஆக்ஸிஜன் பூமியின் ஆக்ஸிஜனில் இருந்து வேறுபட்டது என்ற 2011-ம் ஆண்டின் முக்கிய முடிவு, அந்த மோதலில் இருந்து மீட்ட மாதிரிகளில் இருந்துதான் கிடைத்தது.

இந்தியாவுக்கு இதில் என்ன?

நிலவு மண்ணை எடுத்துவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு, ரூ.2,104.06 கோடியில் மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. அந்த மண்ணைப் பாதுகாத்து ஆராய்வதற்கான ஆய்வக வசதிகளும் திட்டத்தில் உண்டு. ஆனால், கேப்ஸ்யூல் தரை தொடுவதற்கும் ஆய்வகக் கதவு திறப்பதற்கும் இடையிலான அந்தச் சில மணி நேரத்துக்கும் இஸ்ரோ இப்போதே ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கும். அதில் கோட்டை விட்டால், கோடிகளில் செலவழித்துக் கொண்டுவந்த நிலவு மண்ணில் எது நிலவுடையது, எது நம்முடையது என்று பிரித்துச் சொல்வதே பெரும்பாடாகிவிடும்.