கேட்காத குரலுக்குக் கும்பிடு, கேட்கும் குரலுக்குக் கேலி

காஞ்சிபுரத்தில் சங்கீதம் தெரிந்த பெரியவர் யாராவது மாட்டினால் "உங்க ஊர்ல யார் சார் பெரிய வித்வான்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ரெடியாக வரும். நாயனா பிள்ளை! பக்கவாத்தியக்காரர்கள் மேடை கொள்ளாமல் வரிசை கட்டி உட்கார, தாளத்தைப் புரட்டி எடுத்த லயப்புலி. அவர் திருப்புகழ் பாடினால்... என்று பெரியவர் கண்ணை மூடிக்கொள்வார்.

எல்லாம் சரிதான். ஆனால் சொல்பவர் கேட்டதில்லை. நாயனா பிள்ளை இறந்தது 1934இல். அவர் குரல் ஒரு இசைத்தட்டிலும் கிடையாது.

இப்போது அதே பெரியவரிடம் தனகோடி அம்மாள் என்று சொல்லுங்கள். கொஞ்சம் யோசித்து, "ஓ, நாயனா பிள்ளையோட அம்மாகூடப் பிறந்தவங்க" என்பார். அவ்வளவுதான். அந்த அம்மாள் ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர். கிராமபோன் தமிழ்நாட்டுக்கு வந்த ஆரம்ப காலத்திலேயே பிளேட் கொடுத்தவர். கேட்கவே முடியாத குரலுக்குக் கும்பிடு, பதிவாகிவிட்ட குரலுக்கு உறவுமுறை மட்டும்!

பி.காம். பாஷையில் சொன்னால், முதலாவது குட்வில், இரண்டாவது கண்ணெதிரே இருக்கும் சொத்து. நம்ம ரசிகர்கள் குட்வில்லைக் கோடிக்கணக்கில் எழுதிக்கொண்டு, சொத்துக்கு நூறு சதவீதம் தேய்மானம் போட்டுவிட்டார்கள். எந்த ஆடிட்டர் இதில் கையெழுத்துப் போடுவார்?

நாயனா பிள்ளையைக் குறைத்துப் பேசுவதல்ல விஷயம். பிருந்தாவும் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் அவரிடம் கற்றவர்கள். 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள் காஞ்சியில் சிறு பெண்ணாக அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். இதெல்லாம் போதாதா அவருக்கு? எதற்கு மற்றவர்களை மறைத்துத்தான் அவரைத் தூக்க வேண்டும்?

பழைய பிளேட் என்றதும் வரும் முதல் புகார் இரைச்சல். விடுங்கள், ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு செல்போனில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது ஒரு இரைச்சலா?

இரண்டாவது புகார்தான் கோபம் வரவைப்பது. "ஒரே கீச்சுக்குரல்!" ஐயா, 1925 வரை ரெக்கார்டிங்கில் மைக்கே கிடையாது. பெரிய புனல் ஒன்றின் முன்னால் நின்று பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வுதான் ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கிழிக்கும். கச்சேரி, நாடகம் என்று மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை எட்டப் பாடிய தொண்டை அது. தேவையிருந்தது, ஏறினார்கள். கே.பி. சுந்தராம்பாளும், 27 வயதில் 1933இல் போய்விட்ட எஸ்.ஜி. கிட்டப்பாவும் எட்டிய உயரமெல்லாம் நாடகக் கொட்டகை கேட்ட உயரம். மைக்கிடம் ரகசியம் பேசுவதுபோலப் பாடிப் பழகிய காலம் அதைக் கீச்சு என்கிறது. இன்று ஒருவர் மைக்கை அணைத்துவிட்டு ஐந்து கட்டையில் ஒரு பாட்டு பாடட்டுமே, பார்க்கலாம்!

வியன்னாவில் ஆபரெட்டா என்று ஒரு சங்கதி உண்டு. பாட்டு, வசனம், காதல், கலாட்டா எல்லாம் கலந்தது, கிட்டத்தட்ட நம்ம ஸ்பெஷல் நாடகம். 1905இல் அரங்கேறிய ஃபிரான்ஸ் லெஹாரின் 'மெர்ரி விடோ'வை எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் 1953இல் பாடிப் பதிவு செய்தார். உச்சஸ்தாயியில் ஏறும் ஸொப்ரானோ குரல். சி.டி. காலத்திலும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு விற்றார்கள். அதற்கு முந்தைய புனல் காலத்து ஃப்ரிட்ஸி மஸ்ஸாரிக்கும் இன்றும் ஆள் இருக்கிறது. அங்கே உயரம் என்றால் பெருமை, இங்கே கீச்சு!

இத்தனைக்கும் கோயம்புத்தூர் தாயியின் பிளேட்டைக் கேட்டுச் சொக்கிப்போனவர் மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர். அதை வைத்தே 'ராகமாலிகா' என்று ஒரு பாட்டு எழுதினார். பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகிச் சத்தத்தை அமுக்கச் சொன்னார். எல்லாம் நம்ம ஊர் மத்தளம் மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக.

மூன்று நிமிடத்தில் என்ன ராகம் பாட முடியும் என்பார்கள். முடிந்திருக்கிறதே! சுற்றி வளைக்க நேரமில்லை, எடுத்த எடுப்பில் ராகத்தின் முகத்தைக் காட்டியாக வேண்டும். தப்பினால் வெட்டி ஒட்டும் வசதியும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று மெஷின் குரலை உறிஞ்சிவிடும், ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. டீக்கடையில் தன் பாட்டு ஒலிப்பது கௌரவக் குறைச்சல் என்று ஒதுங்கிய வித்வான்களும் உண்டு. துணிந்து முதலில் போனவர்களில் பெரும்பாலோர் தேவதாசி மரபுப் பெண்கள். 1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். பிளேட் அச்சாகும் ஜெர்மனியில் யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே! பெயரைக் கூவிச் சொல்லியே பழகியவர்கள். அந்த மரபுப் பெண்களின் பெயர்தான் இன்று மறந்துபோனது. தற்செயல் என்று நம்புவதற்கு ரொம்ப நல்ல மனசு வேண்டும்.

அந்தக் காலத்துப் பிளேட் அரக்கில் செய்தது. காஞ்சிப் பட்டில் அரக்குச் சிவப்பு என்கிறார்களே, அதே பூச்சி தந்த அதே அரக்கு. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி உடையும். கிழிந்த பட்டுப்புடவைக்காவது ஜரிகை வெள்ளிக்கு விலை உண்டு, வாசலில் வந்து கூவி வாங்குகிறார்கள். உடைந்த பிளேட்டை எடைக்குப் போட்டால்கூட பழைய பேப்பர்காரர் முறைக்கிறார்.