கட்டாக்காலி நாய்களும் பாவக் கணக்கும்

சனசமூக நிலையத்தில் மேசைகளை அடுக்கி, நாய் பூனைகளுக்கு ஒருநாள் கருத்தடை முகாம் நடத்தும் தொண்டர்கள்மீது இரு கண்டனங்கள் எழுகின்றன. மனிதன் பட்டினி கிடக்க நாய்க்குச் சத்திரசிகிச்சையா என்பது ஒன்று. உயிர் பெருகுவதைத் தடுப்பது பாவம் என்பது மற்றையது.

முன்னையது சமூகப் பார்வைபோல் தோன்றினும் போலியானது. விசர்நாய் கடிப்பது காரிற் செல்பவரையன்று. நடந்து பள்ளி செல்லும் பிள்ளையையும் விடியலில் வேலைக்குப் போகும் தொழிலாளியையுமே. 1973 இல் இலங்கையில் இந்நோய்க்கு 377 பேர் பலியாயினர். தடுப்பூசியே அத்தொகையைக் குறைத்தது. ஆயினும், ஊசி போடப்படாத குட்டிகள் தெருவிலே பிறந்துகொண்டிருக்கும்வரை அதன் பயன் கரைந்துகொண்டேயிருக்கும். கருத்தடையின் தேவை இங்கேதான் எழுகின்றது.

பாவம் பேசுவோரின் வீட்டு நடைமுறையோ விசித்திரமானது. கடுவனை வைத்துக்கொண்டு, பெட்டைக் குட்டிகளை உரப்பையிலே கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவருவோர் அவர்களுள் எத்தனை பேர்! (கண் திறவாத குட்டிக்குக் கோயில் வாசலில் என்ன வரம் கிட்டுமோ?) அக்குட்டிகளுள் தப்பிப் பிழைப்பவற்றையே தொண்டர்கள் பின்னர் வலைவீசிப் பிடிக்கின்றனர், மயக்கம் தெளியும்வரை நிழலிற் காத்திருக்கின்றனர், காதில் அடையாளமிட்டு, பிடித்த தெருவிலேயே விடுகின்றனர். அப்புறப்படுத்தினால் அவ்விடத்தை வேறு நாய்கள் நிரப்பிவிடும்.

தெருநாய்களைக் கொல்லும் கொள்கையை அரசு 2006 இல் கைவிட்டது. பெட்டைநாயோ ஆண்டில் இருமுறை ஈனக்கூடியது. முகாமைக் கண்டிக்க விரும்புவோர், அது ஏன் மறுநாளே கலைந்துவிடுகின்றதெனத் தத்தம் பிரதேச சபைகளிடம் கேட்கட்டும்.