அறையில் ஆயிரம் மிச்சம், இடுப்பில் லட்சம்

கரடியனாற்றில் நெல் எடுக்கும் வியாபாரி எவரும் மூட்டையைப் பார்த்தவுடன் விலை சொல்வதில்லை. கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுவார், பல்லில் கடித்து ஈரம் பார்ப்பார், தராசைச் சரிபார்ப்பார். அதன் பிறகுதான் லொறி பின்னுக்கு வரும். இதே மனிதர் கடல் கடந்து சரக்குப் பார்க்கப் புறப்படும்போது மட்டும் இந்தப் புத்தியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். தங்குமிடத்தில் ஆயிரம் ரூபாவுக்காக அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறார். இடுப்பிலோ ஐந்து லட்சத்தைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறத் துணிகிறார். இந்தக் கணக்கு தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. தலைமன்னார், இராமேஸ்வரம் கப்பல் 1980களில் போரினால் நின்றுபோனது. 2011 ஜூனில் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ ஓடத் தொடங்கியது. அதே வருடம் நவம்பரில் அதுவும் நின்றது. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ ஓடியது. மாரி தொடங்கியதும் சில நாட்களில் நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்ட் 16 முதல் அதே பாதையில் ‘சிவகங்கை’ வந்தது. ஏறக்குறைய 110 கிலோமீற்றர், நான்கு மணித்தியாலப் பயணம். துணி, பாத்திரம், அலங்காரப் பொருட்கள் என்று இந்தியச் சரக்குப் பார்க்கும் நமது சிறு வியாபாரிகளுக்கு இது நல்ல வாசல்தான். ஆனால் அடிக்கடி மூடிக்கொள்ளும் வாசல். அதனால் தங்குமிடமும் காசும் இந்த நிச்சயமின்மைக்கு ஏற்ப ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

முந்திய இரவு

கரடியனாற்றிலிருந்து போகிறவர் செங்கலடிச் சந்திக்கு வந்து, பொலன்னறுவை, வவுனியா தாண்டி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னும் வடக்கே காங்கேசன்துறைக்குப் போகவேண்டும். வெலிக்கந்தை, மின்னேரிப் பக்கம் இரவில் யானை வீதிக்கு வரும். பஸ் பழுதாகும். இந்த நிலையில் இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் நேராகக் கப்பலுக்குப் போகலாம் என்று நினைப்பது ஓர் அறைக் கூலியை மிச்சம்பிடிப்பதற்காக முழுப் பயணத்தையும் பந்தயம் வைப்பதாகும். கப்பல் தவறினால் டிக்கட், அக்கரையில் எடுத்த அறை, சந்திக்க வேண்டிய மொத்த வியாபாரியின் நேரம் எல்லாமே போய்விடும்.

ஆகவே கப்பலுக்கு முந்திய இரவை யாழ்ப்பாணத்தில் காசு கொடுத்து வாங்குங்கள். அது செலவல்ல, முதலுக்குப் போடும் காப்பு. அறையைத் தெரிவு செய்யும்போது கட்டிலின் அழகைப் பார்ப்பதை விட, காலையில் துறைமுகத்துக்கு வாகனம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஐந்து சந்திப் பக்கம் தங்கினால் ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட வரும். முச்சக்கர வண்டியை இரவே பேசி வைத்துவிட வேண்டும்.

அக்கரையில் அறை

நாகப்பட்டினத்தில் இறங்குவோர் பலர் சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நாகூருக்குப் போய்த் தங்குவார்கள். தர்காவைச் சுற்றிச் சிறிய விடுதிகள் உண்டு. இங்கேதான் நம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு விடயம். இந்தியாவில் வெளிநாட்டவருக்கு அறை கொடுக்கும் விடுதி, 24 மணித்தியாலத்துக்குள் ‘சி’ படிவம் மூலம் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று சிறு விடுதிக்காரர் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் ‘அறை இல்லை’ என்று சொல்லிவிடலாம். நாமும் தமிழ்தானே பேசுகிறோம் என்ற நியாயம் அங்கே எடுபடாது. சட்டத்தில் நாம் வெளிநாட்டவர்.

எனவே புறப்படுவதற்கு முன்பே ரெலிபோனில் கேளுங்கள்: வெளிநாட்டவருக்கு அறை கொடுப்பீர்களா? கப்பல் ஓடாவிட்டால் முற்பணம் திரும்பி வருமா, அல்லது திகதியை மாற்றித் தருவீர்களா? பதிலை வட்சப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால், எவ்வளவு மலிவானாலும் அந்த அறை வேண்டாம். திருப்பித் தராத மலிவு அறை, நிச்சயமாக ஓடும் விமானத்துக்குப் பொருந்தலாம்; கடல் கொந்தளித்தால் நிற்கும் கப்பலுக்குப் பொருந்தாது. ஜமாதுல் ஆகிர் பிறையுடன் கந்தூரி தொடங்கினால் நாகூரில் இரண்டு கிழமை இடமே கிடைக்காது. நோக்கம் வியாபாரம் மட்டும் என்றால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

இடுப்புப் பட்டி வங்கியல்ல

இனிக் காசு விடயம். இலங்கை நாணயத்தாள் 20,000 ரூபாவுக்கு மேல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. கையில் 10,000 டொலருக்கு மேல் வெளிநாட்டு நாணயத்தாள் இருந்தால் புறப்படும்போது சுங்கத்தில் சொல்ல வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது நாணயத்தாளாக 5,000 டொலர், அல்லது எல்லாம் சேர்த்து 10,000 டொலர் பெறுமதியைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். இந்திய ரூபாயை இங்கிருந்தே வாங்கிப் போகலாம் என்பார்கள். வெளிநாட்டவர் 25,000 இந்திய ரூபாய் வரை கொண்டுவரலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2014 இல் அறிவித்தபோது, அந்தச் சலுகையை விமான நிலையம் வழியாக வருவோருக்கு என்றே சொல்லியது. கப்பலில் போகிறவர் அதை நம்பிப் பொதி கட்டக்கூடாது.

இந்திய நோட்டைப் பெட்டியில் சேர்த்து வைப்பதும் நல்ல பழக்கமல்ல. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, எல்லைக்கு வெளியே வைத்திருந்தவர்களே மாற்ற வழியின்றித் தவித்தார்கள். 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டையும் திரும்பப் பெற அறிவித்தார்கள். டொலரை வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடமோ ரசீதுடன் வாங்கி, அக்கரையில் தேவைக்கு மாற்றுவதே பாதுகாப்பு.

காசை மூன்றாகப் பிரியுங்கள். அறை, சாப்பாடு, வாகனம் என்று வழிச்செலவு ஒன்று. கப்பல் நின்றால் மேலும் மூன்று நாள் தங்குவதற்கும், விமானத்தில் திரும்புவதற்கும் தொடாமல் வைத்திருக்கும் தொகை இன்னொன்று. சரக்குக்கான காசு மூன்றாவது. அந்த மூன்றாவது பங்கு உங்களுடன் கப்பல் ஏறவே கூடாது. சரக்கைப் பாருங்கள், விலை பேசுங்கள், பட்டியல் வாங்குங்கள். ஊர் திரும்பி வங்கி மூலம் அனுப்புங்கள்.

‘வங்கி தாமதம், உண்டியல் ஒரு ரெலிபோன் அழைப்பில் முடிந்துவிடும்’ என்று சொல்வோர் உண்டு. வேகம் உண்மைதான். ஆனால் உண்டியலில் போன காசுக்குக் கடதாசி இல்லை. சரக்கு வராவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் காட்ட ஒன்றுமில்லை. சுங்கத்தில் கேட்டாலும் பதில் இல்லை. இங்கும் அங்கும் அது சட்டவிரோதம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி மார்க்கம் கற்றுத்தந்த சமூகம், எழுத்தே இல்லாத வழியை வியாபாரச் சாமர்த்தியம் என்று பேசுவது வேதனை.

கார்ட் வைத்திருப்போர் புறப்படுமுன் வங்கிக்குச் சொல்லி வெளிநாட்டுப் பாவனையைத் திறக்க வேண்டும். கடனட்டையில் காசாக எடுத்தால் அன்றே வட்டி ஏறத் தொடங்கும்; வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் சொந்தக் கணக்கின் டெபிட் கார்டைப் பாவிப்பதே சரி. கார்ட் இயந்திரம் ‘இலங்கை ரூபாவிலா, இந்திய ரூபாயிலா?’ என்று கேட்டால் இந்திய ரூபாய் என்றே சொல்லுங்கள். மற்றையதில் மாற்று விகிதம் நமக்குப் பாதகமாகவே இருக்கும். அங்கே தேநீர்க் கடை வரை யூ.பி.ஐ. தான். ஆகையால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறை கையில் இருக்கட்டும்.

பெரிய கப்பலிலும் இதே பாடம்

ஸ்கண்டிநேவிய நாடுகளில் உல்லாசக் கப்பல் ஏறும் பணக்காரப் பயணிக்கும் இதே சிக்கல்தான். டென்மார்க், சுவீடன், நோர்வே மூன்றும் குரோனர் என்றே சொல்லும். மூன்றும் வேறு வேறு நாணயம். அடுத்த துறையான பின்லாந்தில் யூரோ. கொப்பன்ஹேகனில் கப்பல்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை; நகரத்துக்குக் கிட்ட லாங்கலினியே, தூரத்தில் ஓஷன்காய். எந்தத் துறை என்று கேளாமல் அறை எடுத்தவர் காலையில் ஓட வேண்டியதுதான். ஸ்டொக்ஹோமில் பஸ்ஸில் காசே வாங்குவதில்லை. ஆகவே அனுபவப்பட்டவர்கள் ஒரு நாள் முந்திப் போகிறார்கள், இரத்துச் செய்யக்கூடிய அறையை எடுக்கிறார்கள், கார்டும் சிறு தொகையும் மட்டும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு விடுமுறை கெடும், அவ்வளவுதான். நமக்கோ முதலே கெடும்.

பருவத்தைப் பாருங்கள்

இன்னொன்று நமது பகுதிக்கே உரியது. மாரியில் நிற்கும் கப்பல் மாரி முடிந்துதான் மறுபடி ஓடும். அதே பெப்ரவரி, மார்ச்சில்தான் கரடியனாற்றில் பெரும்போக அறுவடை. நெல்லுக்குப் போட வேண்டிய காசை எடுத்துக்கொண்டு, கடல் திறந்துவிட்டது என்று ஓடினால், நெல்லும் கையில் இல்லை, துணியும் இன்னும் வரவில்லை என்ற நிலைதான் மிஞ்சும். கொள்வனவை முடித்து, நெல்லை விற்றுக் காசாக்கிய பின் போவதே முறை.

ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடி வர்த்தக சங்கங்கள் ஒரு சிறு வேலை செய்யலாம். இலங்கையருக்கு அறை கொடுக்கும், முற்பணத்தைத் திருப்பித் தரும் விடுதிகளின் பட்டியலைப் போய் வந்தவர்களிடம் கேட்டுத் தயாரித்து, சங்கத்தின் பலகையில் ஒட்டலாம். எந்த வங்கிக் கிளையில் பணம் அனுப்பும் வேலை சுணங்காமல் நடக்கிறது என்பதையும் சேர்க்கலாம். ஒருவர் காசு கொடுத்துக் கற்ற பாடத்தை அடுத்தவரும் காசு கொடுத்தே கற்க வேண்டும் என்றில்லை.