கழுத்துக்கு மேலே

கார்ட்டூன் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் எழுத்தாளர்களிடமிருந்து இரண்டு பதில்கள்தான் வருகின்றன. ஒன்று, குழந்தைகள் சமாச்சாரம், இதில் என்ன விமர்சனம் வேண்டிக்கிடக்கிறது. மற்றது, நிறவெறி பிடித்த படங்கள், பெட்டியில் போட்டுப் பூட்டவேண்டியவை. இரண்டுமே படத்தைப் பார்க்காமல் சொல்லிவிடக்கூடிய பதில்கள் என்பதுதான் என் ஆட்சேபம்.

‘டாம் அண்ட் ஜெர்ரி’யை எடுத்துக்கொள்வோம். ஹன்னாவும் பார்பெராவும் 1940ல் செய்த முதல் படத்திலேயே அந்த வீட்டு வேலைக்காரி வந்துவிடுகிறாள். கறுப்பினப் பெண். இன்னொரு சாமான் உடைந்தால் வெளியே துரத்திவிடுவேன் என்று பூனையை மிரட்டுகிறாள். கதையின் முடிச்சே அவள் போட்டது. 1952 வரை அவள் வந்துகொண்டிருந்தாள். நமக்குக் கிடைப்பதோ அவள் கால்கள், செருப்பு, துடைப்பம், குரல். குரல் கொடுத்த லில்லியன் ராண்டால்ஃபின் பெயரைக்கூடப் படத்தில் போடவில்லை. 1950ல் வந்த ஒரு படத்தில் அவள் ஓடிவரும்போது கணநேரம் முகம் தெரிகிறது. அவ்வளவுதான்.

பூனை நசுங்குகிறது, வெடிக்கிறது, மறுகணம் முழுசாக எழுந்து நிற்கிறது. இந்த மறுபிறப்புதான் இவ்வகைக் கலைக்கு ஆதாரம். அடிபடுகிறவனுக்கு ஒரு முகம் இருப்பதால் அவன் நம்மவனாகிறான். அவளுக்கு மறுக்கப்பட்டது இதுதான். போதாததற்கு, சில படங்களில் வெடி வெடித்ததும் பூனையின் முகம் கரிபிடித்து, உதடு தடித்து, கறுப்பர் முகமாகிவிடும். கறுப்பு என்பது தண்டனையாக முகத்தில் அப்பும் கரி, துடைத்தால் போய்விடும். நாமும் சிரித்தோம்.

திருத்தம் நடந்த விதம் இன்னும் விசேஷம். 1960களில் தொலைக்காட்சிக்காக சக் ஜோன்ஸின் குழு சில படங்களில் அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்துவைத்தது. அவமானத்தைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அவமானப்பட்டவளையே துடைத்துவிட்டார்கள். 2014ல் இணைய விற்பனையில் இப்படங்களுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள். அது மேல். அவள் அங்கேயே இருக்கட்டும், நாம் வெட்கப்படுவோம்.

நம் ஊர்ச் சரக்கு எப்படி? ஹைதராபாதில் தயாராகி 2008ல் தொடங்கிய ‘சோட்டா பீம்’ தொடரில் வம்பு செய்து உதை வாங்கும் தடியன் பெயர் காலியா. கறுப்பன் என்று பொருள்படும் இந்திப் பெயர். தமிழ்க் காதில் அது ‘காலியா?’ என்று விழுவதால் வசவு தப்பித்துக்கொள்கிறது. கருப்பன் என்று சாமிக்கே பெயர் வைத்த நாட்டில் இது ஓடுகிறது. ஆனாலும் காலியாவுக்கு ஒரு முகம் இருக்கிறது. பேராசையும் பயமும் இருக்கின்றன. அந்தமட்டில் அவன் வேலைக்காரியைவிட பாக்கியசாலி.

நான் இருப்பது வேங்கிக்கால். திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகம் இங்கேதான். உத்தியோகஸ்தர் வீடுகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். “காலைத் தூக்கு கண்ணு” என்று அவள் சொல்ல, டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் பையன் காலைத் தூக்குகிறான். அவனுக்கும் அவள் துடைப்பமும் குரலும்தான். இங்கே யாரும் வரைந்து காட்டவேண்டியதில்லை.

பையனைச் சொல்வானேன்? நம் சிறுகதைகளில் வேலைக்காரி வருகிறாள், பாத்திரம் விளக்குகிறாள், கதாநாயகனின் தனிமைக்குச் சாட்சியாகச் சற்று நின்றுவிட்டுப் போகிறாள். பெயர்கூடக் கிடையாது. 1994ல் இமையம் ‘கோவேறு கழுதைக’ளில் துணி வெளுக்கும் ஆரோக்கியத்துக்குப் பெயரும் வாயும் ஒரு முழு வாழ்க்கையும் கொடுத்தார். இம்மாதிரி எழுத்தை சமூகவியல், கலை அல்ல என்று ஒதுக்கும் குரல் நம் வட்டத்தில் இன்னும் கேட்கிறது. எது கலை? பாதி உடம்பை வரைந்துவிட்டு நுட்பம் பேசுவதா?

அவளைப் புனிதவதி ஆக்கச் சொல்லவில்லை. பொய் சொல்லட்டும், வழுக்கி விழட்டும், நம்மைப் பார்த்துச் சிரிக்கட்டும், பூனையைப்போல எழுந்து நிற்கட்டும். அதற்குக் கழுத்துக்கு மேலேயும் எழுதத் தெரியவேண்டும்.